வண்டி எண் பதினேழு

செம்பனை ஆலையின் எடைப்பாலத்தில் எனக்குப் பதினோரு வருட வேலை.
குலை ஏற்றிய லாரி வரும். நிற்கும். எண் விழும்.
உள்ளே போய்க் கொட்டிவிட்டு வெறுமனே திரும்பும்.
மறுபடி நிறுத்தி
முதல் எண்ணில் இரண்டாவதைக் கழிப்பேன்.
மிஞ்சுவதற்குத்தான் காசு.

தம்பி யுகேந்திரன் பந்து விளையாடிய பன்னிரண்டு வருடமும்
பகாவ் ஊரே அவனை முதல் எண்ணில்தான் பேசியது.

மீன் கடை சந்திரகாசன் மூன்று மில்லியன் என்றார்,
சியாக்காப் செதிலைச் சுரண்டியபடி.
டயர் கடை ஆ லோய், அவன் காருக்கு நாலு சக்கரம் மாற்றிய கையோடு,
ஐந்து, குறையவே குறையாது என்றான்.
கோயில் கமிட்டி மூன்றா ஐந்தா என்று விவாதிக்கவில்லை.
நேராக வீட்டுக்கு வந்து, ரசீதுப் புத்தகத்தில்
பேரை எழுதிவிட்டுத் தொகைக்கு இடம் விட்டது.
அம்மா அந்த இடத்தைப் பார்த்துக்கொண்டே தேத்தண்ணி கலக்கினாள்.

வெள்ளைக் கார் எல்லோருக்கும் தெரிந்தது.
ஒன்பது வருடக் கடன்
காரின் எந்தப் பக்கத்திலும் எழுதியிருக்கவில்லை.

என்னிடம் ஒரு கணக்கு நோட்டு உண்டு.
இருபது வயதில் மாதம் ஆயிரத்து எண்ணூறு வெள்ளி,
பூட்ஸ் அவன் செலவு.
இருபத்து நாலில் ஒரு கிழக்குக் கரை அணி,
பதினைந்தாயிரம் என்று கையெழுத்து;
பத்து மாத ஒப்பந்தத்தில் ஆறு மாதம் வந்தது.
மிச்சம் நாலு எங்கே என்றால்
“அடுத்த வாரம்” என்றார்கள்.
அந்த அடுத்த வாரத்துக்குள்
தலைவர் மாறினார், அணியின் பெயர் மாறியது,
கொடியில் இருந்த புலி பருந்தானது.
அறுபதாயிரம் வெள்ளி
புலியிடம் பாக்கி.
பருந்துக்குத் தெரியாதாம்.

முகவருக்குப் பத்து விழுக்காடு, வராத மாதங்களுக்கும் சேர்த்து.
முழங்காலுக்குச் சிரம்பானில் ஒரு தனியார் மருத்துவமனை;
படிவத்தில் தொழில் என்ற இடத்தைப் படித்ததும்
இன்சூரன்ஸ்காரி பேனாவை மூடினாள்.

பாசார் மாலாமில் அவன் பெயர் போட்ட ஜெர்சி தொங்கும்,
ஓர் எழுத்து தப்பாக. இருபத்தைந்து வெள்ளி.
அவனே பேரம் பேசி இருபதுக்கு ஒன்று வாங்கி வந்தான்.
அதையும் செலவில் எழுதினேன்.

எழுதத் தெரியாதது ஒன்றுதான்:
அந்த மழை ஆட்டம், எண்பத்தெட்டாம் நிமிடம்,
முப்பது மீட்டரிலிருந்து அவன் அடித்தது.
எனக்கு இரவு ஷிப்ட். கொதிகலன் ஆட்கள், லாரிக்காரர்கள்,
வங்காளதேசத்துப் பையன்கள், எல்லோரும் என் சிறு அறைக்குள்,
ஒரு கைப்பேசியைச் சுற்றி.
பாலத்தில் ஒரு லாரி எடைபோட ஆளில்லாமல்
பத்து நிமிடம் நனைந்தது.
ஓட்டுநரும் உள்ளேதான் கத்திக்கொண்டிருந்தார்.
வரவா, செலவா?
நோட்டில் அந்தத் தேதிக்கு எதிரே
ஒரு கோடு மட்டும் போட்டு வைத்திருக்கிறேன்.

போன மாதம், ஒப்பந்தம் புதுப்பிக்காத அணியிலிருந்து
ஒரு பையோடு வந்தான்.
வீட்டுக்குப் போகவில்லை, நேரே ஆலைக்கு.
மணி பதினொன்று. பாலத்தில் வண்டி இல்லை.
“அக்கா, என்னை ஒருக்கா போட்டுப் பாரு.”
நடுவில் போய் நின்றான், பையைக் கழற்றாமல்.

லாரிக்குச் செய்த பாலம். இருபது இருபதாகத்தான் எண்ணும்.
பையோடு சேர்த்து எழுபத்தாறோ ஏழோ இருப்பான்.
எண்பது என்றது.
“பாத்தியா, இங்கயும் கூட்டித்தான் சொல்றாங்க.”
சிரித்தான். ரசீது கேட்டான்.
கணினி வண்டி எண் கேட்டது.
பதினேழு என்று தட்டினேன், அவன் முதுகு எண்.

மொத்த எடை: எண்பது.
வெற்று எடைக்கான கட்டம் காலி.
இறக்கிவிட்டுத் திரும்பி வந்தால்தான் அது நிரம்பும்.

தினமும் காலையில் மேற்பார்வையாளர் ஹஷிம்
பட்டியலைப் பார்த்துக் கேட்கிறார்,
இந்தப் பதினேழு எந்தத் தோட்டத்து வண்டி,
ஏன் இன்னும் வெளியே வரவில்லை?
உள்ளேதான் இருக்கிறது, துவான், என்கிறேன்.
இன்னும் இறக்கி முடியவில்லை.